நாற்பத்தோராவது அட்டை

குடும்பத்தார் கூடி விளையாடத்தக்க அறிவு விளையாட்டு ஒன்று

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை. ஊவா மலைகளில் மழை கொட்டுகின்றது. மின்சாரம் தடைப்பட்டுவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டி ஊமையாகிவிட்டது. கைத்தொலைபேசியும் உயிரிழந்து கிடக்கின்றது. அப்பாயி, தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் என ஆறு பேர் ஒரே விளக்கைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். பொழுதைப் போக்குவது எப்படி?

நேயர்களே, மலைநாட்டில் வாழும் நம்மவர் யாவர்க்கும் பழக்கமான காட்சிதான் இது. இத்தகைய ஒரு மாலையில்தான் என் இல்லத்தில் அட்டை விளையாட்டு ஒன்று பிறந்தது. இன்று அதனை என் மாணவர் பலரும் தத்தம் வீடுகளில் ஆடி வருகின்றனர். செலவு மிகக் குறைவு, பயனோ பெரிது. அதனை உங்களுக்கும் அறிமுகம் செய்துவைக்கவே இதனை எழுதுகின்றேன். அதற்குமுன் வழியிலுள்ள ஒரு தடையை அகற்றியாக வேண்டும்.

சீட்டும் சூதும்

முதன்முறை நான் கடதாசிக் கட்டொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் தாயார் முகஞ் சுளித்தார். "படித்த வாத்தியார் வீட்டில் சீட்டாட்டமா?" என்பது அவர் கேள்வி. அவர் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. நாடிழந்து காடு சென்ற தருமரின் கதை நாம் அறியாததன்று. வள்ளுவரும் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்துவிட்டார். சம்பள நாளிலே சீட்டு வட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களைத் தோட்டங்களில் என் தாயார் கண்டிருக்கின்றார்.

ஆயினும் குற்றம் அட்டையினுடையதா, அதன்மேல் வைத்த பணத்தினுடையதா? நம் நாட்டவர் விரும்பி ஆடும் 'முந்நூற்று நான்கு' என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நால்வர்க்கு எட்டெட்டாக முப்பத்திரண்டு அட்டைகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. இவற்றைக் கூட்டினால் ஒரு சாதிக்கு 76. நான்கு சாதிக்கு 304. ஆட்டத்தின் பெயரே ஒரு கணக்கின் விடை! பணம் வைக்காது இதனை ஆடும் சிறுவன், எந்த அட்டை வந்தது, எது வரவில்லை, எத்தனை புள்ளி எஞ்சியுள்ளது என்று மனத்துக்குள்ளேயே கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கின்றான். கரும்பலகைமுன் நிறுத்தினால் கண்ணீர் விடும் பிள்ளையும் இக்கணக்கைச் சிரித்துக்கொண்டே செய்துவிடுகின்றது.

இவ்வாறு எடுத்துரைத்தபின் என் தாயார் ஒரு நிபந்தனையின் பேரில் இணங்கினார்: "காசு ஒரு சதமும் நடுவில் வரக்கூடாது." அதுவே இன்றுவரை எங்கள் வீட்டு ஆட்டத்தின் முதல் விதி.

அரசகுமாரன் கற்ற அட்டைகள்

அட்டையைக் கொண்டு கல்வி புகட்டுவது புதுமையன்று. பிரான்சிலே 1644ஆம் ஆண்டில், ஆறு வயதுச் சிறுவனாயிருந்த பதினான்காம் லூயி மன்னனுக்குக் கற்பிக்கும் பொருட்டு, கர்தினால் மசாரின் நான்கு அட்டைக் கட்டுகளைச் செய்வித்தார். ஒன்றில் பிரெஞ்சு மன்னர் வரிசை, ஒன்றில் புகழ்பெற்ற அரசியர், ஒன்றில் புராணக் கதைகள், ஒன்றில் பூமிசாத்திரம். புத்தகத்தைக் கண்டு ஓடும் வயதிலே அரசகுமாரன் உலகத்தைக் கைக்குள் வைத்து விளையாடினான்.

பாரதத்திலும் கஞ்சிபா என்னும் வட்ட வடிவ அட்டைகள் இருந்தன. பாபர் 1527ஆம் ஆண்டில் சிந்து நாட்டிலிருந்த நண்பர் ஒருவர்க்குக் கஞ்சிபா அட்டைகளை அனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். பிற்காலத்தில் தசாவதாரக் கஞ்சிபா தோன்றியது. பத்து அவதாரங்களுக்குப் பத்து வகுப்பு. வகுப்புக்குப் பன்னிரண்டாக 120 அட்டைகள். ஆட்டத்தில் அமர்ந்த பிள்ளை, மச்சம் முதல் கற்கி வரை அவதார வரிசையைத் தன்னையறியாமலே கற்றுக்கொண்டது.

நம் காலத்துக்கு வருவோம். 1979ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவின் மொன்றியல் நகரிலே பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்த கிறிஸ் ஹேனி, ஸ்கொட் அபொட் என்னும் இருவர், சொல்லாட்டம் ஆட முற்பட்டபோது அதன் காய்கள் சில காணாமற் போயிருக்கக் கண்டனர். 'நாமே ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தால் என்ன?' என்று தொடங்கி, பொது அறிவுக் கேள்விகளை அட்டைகளில் எழுதினர். 'டிரிவியல் பர்சூட்' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. மூன்று தலைமுறையினர் ஒரே மேசையில் அமர்ந்து ஆடியதும், தாத்தா அறிந்ததைப் பேரன் அறியாததும், பேரன் அறிந்ததைத் தாத்தா அறியாததுமே அதன் சுவை.

ஆயினும் அவ்வாட்டத்தை வாங்கி வந்து நம் பிள்ளைகள்முன் வைத்தால் நேர்வது யாது? மேல்நாட்டு நடிகர்களையும் பனிச்சறுக்கு வீரர்களையும் பற்றிய கேள்விகளைக் கண்டு அப்பாயி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகின்றார். வீட்டில் மூத்தவருக்கு இடமில்லாத ஆட்டம் குடும்ப ஆட்டமாகாது. நமக்கு வேண்டியது நம் மண்ணில் விளைந்த கேள்வி. அதற்கான வழியை யப்பானியர் நமக்குக் காட்டியிருக்கின்றனர்.

குன்மா நாட்டுப் பிள்ளைகள்

யப்பானில் 'கருட்டா' என்றோர் அட்டை விளையாட்டு உண்டு. அட்டை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். நம் 'கடதாசி'யும் போர்த்துக்கேயர் வழி வந்த சொல் என்பர். ஒரே கப்பலில் வந்து இரு கரைகளில் இறங்கிய சொற்கள் போலும்!

கருட்டாவில் ஒருவர் உரத்து வாசிப்பார். அவ்வாசகத்துக்குரிய அட்டை தரையிலே பரப்பிய அட்டைகளுள் ஒன்றாகக் கிடக்கும். அதனை முதலில் தொடுபவருக்கே அது சொந்தம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற நூறு புலவர்களின் நூறு பாடல்களை இவ்வாறு ஆடியே யப்பானியச் சிறார் மனனஞ் செய்கின்றனர்.

இவற்றுள் என் நெஞ்சைக் கவர்ந்தது குன்மா என்னும் மலைநாட்டின் 'ஜோமோ கருட்டா'. யுத்தத்தில் தோற்று, வீடுகள் எரிந்து, அநாதைப் பிள்ளைகள் பெருகியிருந்த காலம் அது. நாட்டை ஆண்ட நேச நாட்டுப் படையினர் பாடசாலைகளில் சரித்திரம், பூமிசாத்திரப் பாடங்களை நிறுத்தி வைத்தனர். பிள்ளைகள் தம் ஊரைப் பற்றி எங்ஙனம் அறிவர்? 1947ஆம் ஆண்டில் அப்பகுதிப் பெரியோர் 44 அட்டைகள் கொண்ட கட்டொன்றை வெளியிட்டனர். குன்மாவின் மலைகள், வெந்நீரூற்றுகள், பட்டு ஆலை, சான்றோர் என ஒவ்வோர் அட்டையும் ஊரின் ஒரு பெருமையைச் சொல்லும். ஓர் அட்டை அங்கு வாழும் மக்களின் தொகையைக் கூறுகின்றது. தொகை மாறுந்தோறும் அவ்வட்டையின் வாசகமும் திருத்தப்பட்டது. முதலில் பதினாறு இலட்சம். 1993ஆம் ஆண்டில் இருபது இலட்சம்.

குன்மாவில் பிறந்தவர் முதுமையிலும் அவ்வாசகங்களை மறப்பதில்லை. பாடசாலையில் மூடிவைத்த பாடம், வீட்டுப் பாய்மீது விரிந்துவிட்டது.

இதனைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மலைநாடு, தொழிலாளர் கைவண்ணத்தால் வளர்ந்த ஒரு பொருள், பேரிழப்பைக் கண்ட பிள்ளைகள் – இவையனைத்தும் நம்மிடமும் உள்ளனவன்றோ? அவர்களுக்குப் பட்டு, நமக்குத் தேயிலை. இழப்பு என்றதும் என் நினைவுக்கு வந்த பெயர் ஒன்றே: மீரியபெத்த.

மீரியபெத்த

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரதேசத்திலே, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டப் பிரிவில், காலை எட்டு மணி ஆகுமுன் மலை சரிந்தது. லயன் வரிசைகளும் கோயிலும் மண்ணுள் மறைந்தன. உடல்கள் மீட்கப்பட்டோர் சிலர். மண்ணோடு மண்ணாகிப்போனோர் பலர். பிள்ளைகள் சிலர் அதற்குள் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தனர். அதனால் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும், இவ்விடம் ஆபத்தானது, மக்கள் அகல வேண்டும் என எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். இரண்டுக்குமிடையே இருந்த தூரமே அன்றைய துயரம்.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். 'எச்சரித்தும் போகவில்லையே' என்று மாண்டவர்மீது பழி சுமத்துவது பெரும்பாவம். தாம் வாழும் லயமும் அதன் நிலமும் தமக்குச் சொந்தமில்லாத மக்கள், வேறு நிலமும் வீடும் கிடையாமல் எங்கே போவர்? எஞ்சியோருக்கு மாகல்தெனியாவில் புதுவீடுகள் 2016ஆம் ஆண்டில்தான் கையளிக்கப்பட்டன. அட்டை விளையாட்டு எவருக்கும் காணி கொடுக்காது. அது அரசினரும் தோட்ட நிருவாகத்தினரும் செய்யவேண்டிய கடமை. ஆனால் மழை நாளில் மண் பேசும் மொழியைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நம் கடமை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்ததைக் கண்டபின், இக்கடமையை இனியும் ஒத்திவைத்தல் தகாது.

நாற்பது அட்டைகள்

இனி, அட்டைகளைச் செய்யும் வழியைப் பார்ப்போம். பிஸ்கற்றுப் பெட்டி, தேயிலைப் பெட்டி, பழைய நாட்காட்டியின் தடித்த தாள் ஆகியவை போதும். மூன்று அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமுமாக 80 துண்டுகள் வெட்டுங்கள். நாற்பது துண்டுகளில் படம், நாற்பதில் வாசகம். படங்களைப் பிள்ளைகளே வரையட்டும். கோணலாயிருந்தாலும் அவர்கள் வரைந்த படமே அவர்கள் நெஞ்சில் நிற்கும்.

நாற்பதையும் எட்டெட்டாக ஐந்து வகுப்பாகப் பிரித்துக்கொள்க.

முதலாவது மண். 1886ஆம் ஆண்டில் ஊவா தனி மாகாணமானது. பதுளை, மொனராகலை என அதற்கு இரு மாவட்டங்கள். பதுளைக்கு அண்மையில் 2,036 மீற்றர் உயர்ந்து நிற்பது நமுனுகுல மலை, அப்பெயருக்கு ஒன்பது சிகரம் என்பது பொருள். இவை போன்றவை இவ்வகுப்பில் அடங்கும்.

இரண்டாவது நீர். இலங்கையின் நீர்வீழ்ச்சிகளுள் முதலாவதாகிய பம்பரகந்த 263 மீற்றர். இரண்டாவதாகிய தியலும 220 மீற்றர். இரண்டும் நம் பதுளை மாவட்டத்திலேயே உள்ளன. துன்ஹிந்தவிலே விழும் பதுளு ஓயா பின்னர் மகாவலியோடு கலக்கின்றது.

மூன்றாவது வழி. புகையிரதம் 1894ஆம் ஆண்டில் பண்டாரவளையை எட்டியது. பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924ஆம் ஆண்டில்தான் அங்கு நிலையம் திறக்கப்பட்டது. எல்ல, தெமோதரை நிலையங்களுக்கிடையே உருக்குச் சட்டமின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்த ஒன்பது வளைவுப் பாலமும் இவ்வகுப்பிற்கு உரியது.

நான்காவது உழைப்பும் உரிமையும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் நோய் தோன்றியது. 1890ஆம் ஆண்டில் ஹப்புத்தளைக்கு அருகே தம்பதென்னைத் தொழிற்சாலையை லிப்டன் நிறுவினார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கூறுபோட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் வந்தது. கவ்வாத்து, பிரட்டுக்களம், காமன் கூத்து, உங்கள் தோட்டத்தின் தமிழ்ப்பெயர் ஆகியவற்றுக்கும் இங்கே இடமுண்டு. இவ்வகுப்பில் அப்பாயியை வெல்ல எவராலும் இயலாது! கணக்குப் பிரியர்க்கு ஒரு கேள்வி: ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அம்மா இன்று 18 கிலோ கொழுந்து கொய்தால் எத்தனை கிலோ தூள் கிடைக்கும்?

ஐந்தாவது காப்பு. இதனைப் பின்னர் விரிவாகக் கூறுவேன்.

ஆடும் முறை

நாற்பது படங்களையும் பாய்மீது கலைத்துப் பரப்புக. ஒருவர் வாசகர். ஒவ்வொரு வாசக அட்டையிலும் மூன்று குறிப்புகள் இருத்தல் வேண்டும்: முதலாவது விடுகதைபோல் கடினமாக; இரண்டாவது சற்றே இலகுவாக; மூன்றாவது வெளிப்படையாக. எடுத்துக்காட்டாக:

"நான் நாள்தோறும் விழுகின்றேன், ஆயினும் எனக்கு அடிபடுவதில்லை."

"பூனாகலை ஓயா எனக்குத் தாய்."

"கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய செல்வோர் என்னை அண்ணாந்து பார்ப்பர்."

விடை தியலும. முதற் குறிப்பிலேயே சரியான படத்தைத் தொட்டவருக்கு 3 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. தவறான படத்தைத் தொட்டவர் அடுத்த அட்டைக்குக் கைகட்டி இருத்தல் வேண்டும். படத்தைப் பெற்றவரிடம் வாசகர் ஒரு கேள்வி கேட்பார். விடை சொன்னால் மேலும் ஒரு புள்ளி. ஒரே வகுப்பில் நான்கு அட்டை சேர்த்தவர்க்கு 5 புள்ளி மிகையாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று: "வண்டி என்னிடம் வந்து நிற்கும், புறப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றி என் காலடியிலேயே நுழைந்து போகும்." பதுளைப் பக்கம் புகையிரதத்தில் சென்ற பிள்ளை உடனே தெமோதரை நிலையப் படத்தின்மேல் பாயும். போகாத பிள்ளை, "அது எப்படியப்பா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே இவ்வாட்டம்.

எழுத்தறியாச் சிறுவர் படத்தைக் கொண்டு ஆடலாம். கண்பார்வை மங்கிய முதியோர் கேட்டு விடை கூறலாம். அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் வந்தால் வாசகத்தைச் சிங்களத்திலும் எழுதி வைத்துக்கொள்க. மண்ணும் மழையும் மொழி பார்ப்பதில்லை.

ஒரு முக்கிய விதி உண்டு. கேள்விப்பட்டதை அட்டையில் எழுதிவிடலாகாது. நூலிலோ அறிந்தவரிடமோ சரிபார்த்த பின்பே எழுதுதல் வேண்டும். நான் செய்த முதற் கட்டிலே தியலுமவை இலங்கையின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சி என எழுதிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், பம்பரகந்ததான் முதலாவது" என்றாள். வகுப்பு முழுவதும் என்னையே பார்த்தது. அட்டையைத் திருத்தி, அவளுக்கு 3 புள்ளி வழங்கினேன். ஆசிரியர் தோற்கும் ஆட்டத்தில் மாணவர் கற்கும் பாடம் இரட்டிப்பு என்பதை அன்று உணர்ந்தேன்.

காப்பு அட்டைகள்

ஐந்தாம் வகுப்பின் எட்டு அட்டைகளையும் சற்று ஊன்றிக் கவனியுங்கள். முதல் நான்கும் மண் சரியுமுன் காட்டும் அறிகுறிகள். ஒன்று: நிலத்திலோ சுவரிலோ தரையிலோ தோன்றும் புது வெடிப்பு. இரண்டு: சாய்ந்துவரும் மரம், வேலி, மின்கம்பம். மூன்று: இல்லாத இடத்தில் திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் ஊற்று, அல்லது சட்டென வற்றிய ஊற்று. நான்கு: நேற்றுவரை இலகுவாய்த் திறந்த கதவும் சன்னலும் இன்று இறுகிக்கொள்ளுதல்.

அடுத்த மூன்றும் மழையின் அளவு. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாயிரு. 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: புறப்பட ஆயத்தமாயிரு. 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் சிவப்பு: வெளியேறு. இறுதி அட்டையில் ஓர் எண் மட்டுமே: 117. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் அது.

மழையை அளப்பது எப்படி? பக்கங்கள் நேரான ஒன்றரை லீற்றர் பிளாத்திக்குப் போத்தலை எடுத்து, கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல்போல் அதன்மேல் வைக்க வேண்டும். அடிப்பாகம் மேடுபள்ளமாயிருக்கும், ஆகையால் அது மறையுமளவு நீர் ஊற்றி, அம்மட்டத்தைப் பூச்சியமெனக் குறித்து, அதிலிருந்து மேலே மில்லிமீற்றர் அடிமட்டத்தை ஒட்டுக. மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்தபின் மீண்டும் பூச்சிய மட்டத்துக்குக் கொணர்க. பெருமழை நாளில் இடையிடையேயும் பாருங்கள். அட்டையில் ஆடிய எண் முற்றத்தில் உயிர்பெற்று நிற்பதைப் பிள்ளைகள் காண்பர். ஆயினும் நினைவிருக்கட்டும்: மேற்கூறிய அறிகுறிகள் தென்பட்டால் போத்தல் நிரம்பும்வரை காத்திருக்கலாகாது. அதிகாரிகள் புறப்படு என்றால் ஆட்டக் கணக்குக்கு அங்கே இடமில்லை.

பிள்ளைகளைப் பயமுறுத்துவதாகாதா எனச் சில பெற்றோர் என்னிடம் வினவினர். நான் கண்டது வேறு. தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் ஒரு திங்கட்கிழமை காலை என்னிடம் ஓடிவந்து, "சேர், எங்கள் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன், அப்பா போய்ச் சொல்லியிருக்கிறார்" என்றான். வந்து பார்த்தவர்கள், அது பழைய கானொன்றின் கரை இடிந்ததால் வந்த வெடிப்பு என்றனர். பையன் சற்று வெட்கப்பட்டான். நான் அவனைத் தட்டிக்கொடுத்தேன். அவன் அச்சம் வீணாயிற்று; அவன் கண் வீணாகவில்லை. பெயர் தெரியாத அச்சம் பிள்ளையை நடுங்க வைக்கும். பெயர் தெரிந்த அறிகுறியோ அதனைப் பெரியவரிடம் ஓட வைக்கும்.

மௌன அட்டை

நாற்பது அட்டைகளும் முடிந்தன. ஆயினும் எங்கள் கட்டில் இன்னுமோர் அட்டை உண்டு. அதில் படமில்லை, குறிப்பில்லை, புள்ளியுமில்லை. 'மீரியபெத்த, 2014 ஒக்டோபர் 29' என்று மட்டுமே எழுதியிருக்கின்றது.

தொடக்கத்தில் இதனையும் ஒரு கேள்வியாக்கவே எண்ணினேன். எந்த ஆண்டு, எந்த மாதம் எனக் கேட்டுப் புள்ளி கொடுக்கலாம் என நினைத்து எழுதியும் விட்டேன். அதனைக் கண்ட என் தாயார், "செத்தவங்களைக் கேள்வியாக்கிப் புள்ளி வாங்கலாமா?" என்றார். அவர் பாடசாலைக்கு அதிகம் சென்றவரல்லர். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் நான் படித்த கல்வியியல் நூல்கள் சொல்லாததொன்று இருந்தது. அன்றே அக்கேள்வியை அழித்தேன்.

அவ்வட்டை வாசகரின் கைக்கு வரும்போது ஆட்டம் நின்றுவிடும். வாசகர் பெயரையும் தேதியையும் வாசிப்பார். ஒரு கணம் எல்லோரும் மௌனம். அதன்பின் விரும்பியவர் ஏதேனும் கூறலாம், கூறாமலும் இருக்கலாம். பெற்றோரையோ உற்றாரையோ மண்ணுக்குக் கொடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில், அப்பிள்ளையின் விருப்பம் அறியாமல் அவ்வட்டையைக் கட்டில் சேர்க்கவே கூடாது. அதன் துயரை நாம் விளையாட்டாக்க இயலாது.

உங்கள் ஊரில் அவ்வட்டையில் வேறொரு பெயர் இருக்கலாம். வேறொரு தேதி இருக்கலாம். ஒவ்வோர் ஊருக்கும் நெஞ்சில் தங்கிய நாள் ஒன்றுண்டு. அதனை அறிந்தவர் உங்கள் வீட்டிலேயே அடுப்போரம் அமர்ந்திருக்கலாம். அவரைக் கேளுங்கள்.

தாய்மார்களே, தந்தைமார்களே, மாணவச் செல்வங்களே! அடுத்த ஞாயிறு மாலை மழை வரட்டும், வெயில் அடிக்கட்டும்; பாயை விரியுங்கள். வெற்றுப் பெட்டிகளை வெட்டுங்கள். பிள்ளை வரையட்டும், அப்பா எழுதட்டும், அம்மா சரிபார்க்கட்டும், அப்பாயி திருத்தட்டும். எங்கள் வீட்டிலே இப்பொழுது என் தாயாரே வாசகர். எழுத்துக்கூட்டி மெல்லத்தான் வாசிப்பார். பிள்ளைகள் பொறுமையிழந்து நெளிவர். ஆனால் காப்பு அட்டைகளை மட்டும் அவர் பார்த்து வாசிப்பதில்லை. எட்டும் அவருக்கு மனப்பாடம்.